பன்னு வண்டி வராத தெரு

அத்தியாயம் 11

"சாமியா ஏன் வாயையே திறக்க மாட்டேன் என்கிறாள்?" என்று போன வாரம் கோபப்பட்டு எழுதியிருந்தீர்கள். நியாயமான கோபம்தான். ஆனால் மீமிசலில், அந்தப் பச்சை கேட் போட்ட வீட்டில், ஒரே ஒரு நாள் இருந்து பாருங்கள். அங்கே பேச யாருக்கு நேரம் இருக்கிறது? விடிந்தால் குதிரைவாலிச் சோறு, அது முடிந்தால் தேங்காய்ப் பால், அது முடிந்தால் பள்ளிவாசலில் ஓதின தண்ணீர். சமைத்து, வடிகட்டி, ஊட்டி, துப்பியதைத் துடைத்து, மறுபடி சமைப்பதற்கே அவளுக்குப் பொழுது போதவில்லை.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு நாலு வரி. ஷாநவாஸ், சாமியா தம்பதிக்கு ஒரே மகள் ரைஹானா. ஆறு வயது. ஆட்டிசம் என்று மதுரையில் சொன்னார்கள்; பொறுமையாகப் பழக்குங்கள் என்றும் சொன்னார்கள். பொறுமை யாருக்கு இருக்கிறது? ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக் வேலையை உதறிவிட்டு, பெட்டி நிறைய ஒட்டகப்பால் பவுடரோடு ஊர் வந்து சேர்ந்தான் ஷாநவாஸ். திருச்சியில் எழிலரசன் என்பவர் நடத்தும் ஒரு சென்டரை முன்னாலேயே போனில் பிடித்து வைத்திருந்தான். கோதுமை கூடாது, பசும்பால் கூடாது, சீனி கூடாது. மூளை தானாகத் தெளியும் என்றார் அவர். எல்லாரும் அவரை டாக்டர் என்கிறார்கள். எதைப் படித்து டாக்டர் ஆனார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்கத் தெம்பு இருக்கிறவர்கள் அங்கே போவதும் இல்லை.

இப்போது அந்த டாக்டர் அடுத்த கட்டத்துக்கு வந்திருக்கிறார். பிள்ளை நன்றாக முன்னேறுகிறதாம். மூன்று மாதம் சென்டரிலேயே தங்க வைத்துவிட்டால் முழுசாகச் சரியாகிவிடுமாம். கூட அம்மா தங்கக் கூடாதாம்.

நாளைக் காலையில் வேன் வருகிறது.

"மூணு மாசம் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும் சாமியா. நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காத, புள்ளைக்கு ஆகாது" என்றாள் பவுசியா.

பவுசியா ஷாநவாஸின் அக்கா. அடுத்த வீடு. காலையிலேயே வந்து உட்கார்ந்து, ரைஹானாவின் கவுன்களில் சிவப்பு நூலால் பேர் தைத்துக்கொண்டிருந்தாள். துணிகளில் பேர் தைத்து அனுப்ப வேண்டும் என்பது சென்டர் உத்தரவு.

"நான் ஒண்ணும் சொல்லலையே மதினி."

"சொல்லாட்டி? மூஞ்சி சொல்லுதுல்ல."

சாமியா துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். பையை நடுக்கூடத்து நாற்காலியில் வைத்திருந்தார்கள். அதைப் பார்க்காமல் அந்த வீட்டில் யாரும் எங்கேயும் போக முடியாது.

ரைஹானா அலமாரி ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, துணி மாட்டும் கிளிப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். மெலிந்து போயிருந்தாள். தோள்பட்டை எலும்பு கவுனுக்கு மேலே தெரிந்தது. சத்தமே இல்லை. முன்னெல்லாம் என்ன கத்தல், என்ன ஓட்டம்! இப்போது உட்கார வைத்த இடத்தில் இருக்கிறாள். இதைத்தான் எல்லாரும் முன்னேற்றம் என்கிறார்கள்.

"ஏ ஷாநவாஸு, இங்கிட்டு வா. புள்ளை இன்னைக்கும் செய்யுதான்னு பாப்போம்" என்று பவுசியா தம்பியைக் கூப்பிட்டாள்.

அவன் வந்து இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தான். பவுசியா முந்தானையில் முடிந்து வைத்திருந்த பிஸ்கட் ஒன்றை எடுத்து ரைஹானாவின் கையில் வைத்தாள்.

பிள்ளை பிஸ்கட்டைப் பார்த்தாள். எழுந்தாள். நேராக அத்தாவிடம் நடந்து போய், அவன் உள்ளங்கையில் அதை வைத்துவிட்டு, அசையாமல் நின்றாள்.

"மாஷா அல்லா!" என்று ஷாநவாஸ் கைதட்டினான். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு பேரீச்சம்பழத்தை எடுத்து அவள் வாயில் வைத்தான். அவள் திரும்பிப் போய்க் கிளிப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இது அவனே பழக்கியது. யார் எதைக் கொடுத்தாலும் தின்னக் கூடாது. அத்தா கையில் கொண்டுவந்து வைக்க வேண்டும். வைத்தால் கைதட்டு, பேரீச்சம்பழம். பழக்குவதற்கு அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. ராப்பகலாக உட்கார்ந்தான். இதைப் படம்பிடித்து சென்டர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டபோது, எந்தெந்த ஊரிலிருந்தோ தாய் தகப்பன்மார் கை தட்டுகிற எமோஜி பொம்மைகளை அனுப்பித் தள்ளினார்கள். பாவம், அவர்களும் எங்கேயாவது ஒரு நல்ல சேதி வராதா என்று காத்துக் கிடக்கிறவர்கள்தானே. அவர்களைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை.

"புள்ளைக்கு எம்புட்டு அறிவு வந்துருச்சு!" என்று பவுசியா கண்ணைத் துடைத்தாள்.

சாமியா பர்தாவை எடுத்து மாட்டினாள்.

"வாளி, மக், சோப்பு வாங்கணும்ல. நான் போய்ட்டு வாரேன்."

பஸ் ஸ்டாண்டு பக்கம் மீன் ஏற்றின லாரி ஒன்று குறுக்கே நின்று வழியை அடைத்திருந்தது. வாளியை வாங்கிக்கொண்டு சுற்றி வந்தவள், வேப்பமரத்தடியில் நின்ற டிவிஎஸ் ஃபிப்டியைப் பார்த்துவிட்டாள். பின்னால் கட்டிய நீலப் பெட்டி. ஹேண்டில்பாரில் ரப்பர் பந்து வைத்த ஹாரன்.

நாகராசு. ஊரெல்லாம் பன்னும் ரொட்டியும் பொறையும் விற்கிறவன். சாமியாவைப் பார்த்ததும் தப்புச் செய்தவனாட்டம் வண்டியை நகர்த்தப் பார்த்தான்.

"அண்ணே, நில்லுங்க."

"எம்மா, நான் ஒங்க தெருப்பக்கம் வாரதே இல்லம்மா. பாய் சொன்னதுலேர்ந்து கடற்கரைத் தெரு வழியா சுத்தித்தான் போறேன். உங்க வீட்டுப் பின்பக்கம் வாரப்ப ஹாரன் கூட அடிக்கிறதில்ல."

அது உண்மை. அவன் மட்டுமில்லை. அந்தத் தெருவே ஷாநவாஸ் பேச்சைத் தட்டவில்லை. முக்கு டீக்கடையில் பன் பாட்டிலை உள்ளே எடுத்து வைத்தார்கள். தெருப்பிள்ளைகள் பிஸ்கட்டை வீட்டுக்குள்ளேயே தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு விளையாட வந்தார்கள். ஒரு பிள்ளைக்காகத் தெருவே பத்தியம் இருந்தது. அவ்வளவு நல்ல ஜனங்கள்.

பழைய கதை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ரைஹானாவுக்கு நாலு வயது வரை ஒரு சொல் வரவில்லை. அம்மா என்று சொல்லவில்லை, அத்தா என்று சொல்லவில்லை. ஒருநாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்த நேரம், நாகராசு தெருவுக்குள் வந்து ஹாரனை அழுத்தினான். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை சொன்னாள்: "பன்னு."

சாமியாவின் கையில் இருந்த அரிசிச் சுளகு அப்படியே கீழே விழுந்தது. திரும்பச் சொல்ல வைத்து, போனில் பதிந்து, ஷார்ஜாவுக்கு அனுப்பினாள். அன்றைக்கு ஷாநவாஸ் ரூமில் இருந்த எல்லாருக்கும் அவன் செலவில் பிரியாணி.

அதற்குப் பிறகு தினமும் அதே நேரம், அதே கேட், அதே ஒரு சொல். நாகராசும் லேசுப்பட்டவனில்லை. அவள் வாயால் கேட்கிறவரை பெட்டியைத் திறக்க மாட்டான். "கேளு தாயி, கேளு தாயி" என்று நிற்பான். அவள் கேட்பாள். அவன் கொடுப்பான். உலகத்தில் அவள் ஒரு மனுஷரோடு பேசி வாங்கியது அந்த ஒன்றுதான்.

டாக்டர் எழிலரசன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். "அது பேச்சு இல்ல சார். குடிகாரன் பாட்டில் கேக்குறது பேச்சா? கோதுமைதான் புள்ளைய மயக்கி வச்சிருக்கு. மொதல்ல அத நிப்பாட்டுங்க" என்றாராம்.

நிறுத்தினார்கள்.

நாகராசு இப்போது தலையைச் சொறிந்தான். "கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்கம்மா. பாப்பா இன்னும் கேட் கிட்ட வந்து நிக்குதா? என்னையத் தேடி, பன்னுன்னு கேக்குதா? சுத்திப் போறப்பல்லாம் மனசு அடிச்சுக்குது."

'கேக்குறா' என்று சொல்லத்தான் சாமியா வாயெடுத்தாள். சொல்ல முடியவில்லை.

கேட்கிறாளா?

நிறுத்தின புதிதில் கேட்டாள். கேட் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு கேட்டாள். மணிக்கட்டைக் கடித்து ரத்தம் வர வர, பன்னு பன்னு என்று தொண்டை கட்டும் மட்டும் கேட்டாள். காய்ச்சல் வந்தது. விஷம் வெளியேறுகிறது, விட்டுக்கொடுத்துவிடாதீர்கள் என்று குரூப்பில் செய்தி வந்தது. அப்புறம் குரல் இறங்கியது. அப்புறம் முணுமுணுப்பு. அப்புறம்?

கடைசியாக எப்போது சொன்னாள்? பக்ரீத்துக்கு முன்னாலா, பின்னாலா?

முதல்முதல் சொன்ன நாள் சாமியாவுக்குத் தெரியும். அன்றைக்குப் பிள்ளை போட்டிருந்த மஞ்சள் கவுன், காலில் ஒற்றைச் செருப்பு, எல்லாம் தெரியும். கடைசி நாள் தெரியவில்லை. கடைசி என்று தெரிந்தால்தானே ஞாபகம் வைத்துக்கொள்வதற்கு? சத்தம் அடங்கியதே என்று அவளும்தான் அன்றைக்கு நிம்மதியாகப் படுத்துத் தூங்கியிருப்பாள். வாளியைத் தரையில் வைத்துவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, என்னம்மா? தண்ணி வாங்கியாரவா?"

"அண்ணே, இன்னைக்கு எங்க தெருவுக்கு வாங்க."

"பாய் சத்தம் போடுவாகளே."

"நான்தான் வரச் சொன்னேன்னு சொல்லிக்கிறேன். எப்பவும் வாரது மாதிரி அஸருக்கு அப்புறம் வந்து ஹாரன அடிங்க. நல்லா சத்தமா அடிங்க."

வீட்டுக்கு வந்ததும் சாமியா மகளை அடுப்படிக்குள் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"ரைஹாம்மா, பன்னு சொல்லு. பன்னு. அம்மா ஒனக்கு வாங்கித் தாரேன்டி. பன்னு."

பிள்ளை அவளுடைய பர்தாவின் பித்தானைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"ப... ப... பன்னு. என் தங்கம்ல, ஒரே ஒருக்கச் சொல்லு."

சொல்லச் சொல்ல அவள் குரல் உயர்ந்துகொண்டே போயிருக்க வேண்டும். கதவைத் தள்ளிக்கொண்டு ஷாநவாஸ் வந்துவிட்டான்.

"என்ன சாமியா பண்ற? எத மறக்கணும்னு இம்புட்டு நாளாப் பாடுபட்டோமோ, அத ஞாபகப்படுத்திக்கிட்டு இருக்க?"

"மறந்துட்டா மச்சான்."

"அதுதானே வேணும்!"

"அவளுக்கு இருந்ததே அந்த ஒரு பேச்சுதான் மச்சான். அதுவும் போயிருச்சு."

"அது பேச்சு இல்லன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாருல்ல? அது போதை."

"போதைக்கா அன்னைக்கு ரூமுக்கே பிரியாணி வாங்கிப் போட்டீங்க?"

அப்பாடா, பதினோரு வாரம் கழித்து வாயைத் திறந்துவிட்டாள். ஷாநவாஸை மட்டும் குற்றம் சொல்லி என்ன? கேட்டில் நின்று பிள்ளை வாய் திறந்து கேட்பதை அவன் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. போனில்தான் கேட்டான். ஷார்ஜாவிலிருந்தே டாக்டரிடம் பேசி, ஊர் வந்த அன்றைக்கே பன்னை நிறுத்திவிட்டான்; நேரில் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகு வந்த அலறல்தான். அலறலைக் கேட்டவனுக்கு அது வியாதியாகத்தானே தெரியும்?

"அந்த வாய்ஸ் இன்னும் வச்சிருக்கீங்கள்ல? போடுங்க."

அவன் போனை எடுத்தான். வெகுநேரம் தள்ளிக்கொண்டே போய் ஒரு பழைய செய்தியைத் தொட்டான். சாமியாவின் மூச்சிரைப்பு கேட்டது. "சொல்லு, அத்தாகிட்டச் சொல்லு" என்றது அவள் குரல். பிறகு ஒரு சின்னக் குரல், தெளிவாக, கொஞ்சம் அதட்டலாகவே: "பன்னு!"

ரைஹானா பித்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் இன்னொரு முறை போட்டான். சத்தத்தைக் கூட்டி, அவள் காதுக்குப் பக்கத்தில் வைத்தான். அவள் தலையை ஒதுக்கிக்கொண்டாள். அவளுக்கு அது யாரோ ஒரு பிள்ளையின் குரல்.

"மறந்திருக்க மாட்டா. வேணாம்னு இருக்கா, அம்புட்டுத்தான்" என்றான் ஷாநவாஸ். ஆனால் குரலில் பழைய திமிர் இல்லை.

அப்போதுதான் தெருமுனையில் ஹாரன் கேட்டது. பாம்... பாம்.

"யாரு அது? யாரு அவன வரச் சொன்னது?"

"நான்தான்" என்றாள் சாமியா. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவ மச்சான். ஹாரன் சத்தம் கேட்டு அவ வாயத் தொறந்து கேட்டுட்டா, நாளைக்கு வேனுல நீங்களே ஏத்தி விடுங்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். கேக்கலைன்னா..."

"கேக்கலைன்னா?"

அவள் வெளியே நடந்தாள்.

மாதக்கணக்காக வராத வண்டி வந்திருக்கிறது என்றதும் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பவுசியா பேர் தைத்துக்கொண்டிருந்த கவுனும் ஊசியுமாக ஓடி வந்தாள். "அல்லாவே, இத்தனை பத்தியமும் பாழாப் போச்சே! ஏன்டி சாமியா, ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று கத்தினாள்.

நாகராசு வண்டியைப் பச்சை கேட்டுக்கு நேராக நிறுத்தினான். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பழைய வழக்கப்படி ரப்பர் பந்தை அழுத்தினான். பாம்... பாம்.

சாமியா பிள்ளையைக் கேட்டுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, அவள் கையை எடுத்துக் கம்பிமேல் வைத்தாள். கை நழுவிக் கீழே வந்துவிட்டது.

"கேளு தாயி" என்றான் நாகராசு.

மறுபடி ஹாரன்.

"கேளு தாயி. நாகராசு மாமா வந்திருக்கேன் பாரு. கேளு தாயி."

ரைஹானா அவனையும் பார்த்தாள், வண்டியையும் பார்த்தாள். அவள் கண் அங்கே நிற்கவில்லை. கேட்டின் தாழ்ப்பாள் பக்கம் போய்விட்டது.

எதிர்வீட்டு வாசலில் நின்ற ஒரு பிள்ளை மட்டும், சொல்லிக் கொடுக்கிற மாதிரி, "பன்னு" என்றது. அதன் அம்மா அதன் வாயைப் பொத்தினாள்.

ஷாநவாஸ் வீட்டுப் படியில் நின்றிருந்தான். இந்தப் பன்னு வண்டியைத் தெருவை விட்டே துரத்தியவன் இவன்தான். இப்போது பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அசையாதா, அந்த மூன்று எழுத்து வந்துவிடாதா என்று அவனுக்கும் இருக்கிறது. நாளைக்கு வேனில் அனுப்புவதற்காகவா, அனுப்பாமல் இருப்பதற்காகவா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

"ரைஹா" என்று இறங்கி வந்தான். "சொல்லும்மா. அத்தா திட்ட மாட்டேன். சொல்லு."

அவள் சொல்லவில்லை.

"ஒரு பன்னு குடுங்கண்ணே" என்றான் ஷாநவாஸ்.

நாகராசு பெட்டியைத் திறந்தான். அவள் கேட்காமல் அவன் அந்தப் பெட்டியைத் திறந்தது அதுதான் முதல் தடவை. ஒரு பன்னை எடுத்துக் கம்பிவழியே கொடுத்தான். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கிட்டுத் திரும்பிக்கொண்டான்.

ஷாநவாஸ் மகளுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். பன்னை அவள் கையில் வைத்தான். மேலே சீனி மினுக்கிய, வட்டமான, அந்தப் பழைய பன்னுதான். அடுப்பு வாசம் தெருவில் நின்றவர்களுக்கே அடித்தது.

"தின்னு தாயி. அத்தா சொல்றேன்ல, தின்னு. ஒண்ணும் செய்யாது."

பிள்ளை பன்னைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக அதைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டு அசையாமல் நின்றாள்.

பவுசியாவின் வாயில் வந்த 'மாஷா அல்லா' பாதியிலேயே நின்றுவிட்டது.

"மச்சான்." சாமியாவின் குரலில் கோபம்கூட இல்லை. "உள்ள போயி அந்தப் பையைப் பிரிச்சிரவா?"

ஷாநவாஸ் பன்னு இருந்த கையை நீட்டினபடியே உட்கார்ந்திருந்தான்.

ரைஹானா காத்துப் பார்த்தாள். எப்போதும் வருகிற சத்தம் இன்னும் வரவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தாள். பிறகு தன் சின்னக் கைகளால் அத்தாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி, ஒன்றோடு ஒன்று தட்டினாள். பன்னு நடுவில் நசுங்கியது. சத்தம் வரவில்லை.

மறுபடியும் தட்டினாள்.